'குவெர்சினோ' என்று எழுதியிருந்தால் போதுமா?

இத்தாலியின் பொலோனா நகரில் ஒரு பழம்பொருள் கடையில் பழுப்பு மையில் வரைந்த, காதல் தேவதை வீனஸும் அவள் மகன் க்யூபிடும் இருக்கும் கோட்டோவியம் ஒன்றைப் பார்த்தாராம் ஒரு வாசகி. அடியில் 'குவெர்சினோ' என்று எழுதியிருக்கிறது, கடைக்காரர் சான்றிதழும் தருகிறாராம், வாங்கலாமா என்று கேட்கிறார்.

முதலில் அந்தப் பெயரை மறந்துவிடுங்கள். இத்தாலிய ஓவியர் குவெர்சினோ (1591–1666), அந்தப் பெயரே பட்டப்பெயர், மாறுகண்காரர் என்று அர்த்தம். இந்த மாதிரிக் கோட்டோவியங்கள் பெரும்பாலும் பெரிய ஓவியத்துக்கு முன்னால் யோசித்து யோசித்துக் கிறுக்கியவை, அதில் யார் கையெழுத்துப் போடுவார்கள்? அடியில் இருப்பது பின்னால் வந்த யாரோ எழுதியதாகத்தான் இருக்கும்.

பழுப்பாக இருப்பதால் பழசு என்றும் நம்பாதீர்கள். அந்தக் காலத்து மை, மாசிக்காயும் அன்னபேதியும் சேர்த்துச் செய்தது (இரண்டும் நம்மூர் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும்). கறுப்பாக எழுதி, காலம் போகப் போகப் பழுப்பாகும். புதிதாகவே பழுப்பு மை தொட்டு வரைய யாருக்கும் முடியும்.

லென்ஸ் வைத்துப் பாருங்கள். இறகுப் பேனாவை அழுத்தும் இடத்தில் முனை பிளந்து கோடு இரட்டைத் தடமாக ஓடும், தோள் திரும்பும் இடத்தில் மை தேங்கிக் கறுத்திருக்கும். க்யூபிடின் சுருள்முடியில் அவசரம் தெரிய வேண்டும், நகல் எடுப்பவன் கை அங்கேதான் நிதானமாக ஊரும்.

ஒன்றே ஒன்று குழப்பும். 18-ஆம் நூற்றாண்டில் பார்த்தொலோட்சி என்ற செதுக்கோவியர் குவெர்சினோவின் கோட்டோவியங்களைச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டார். தாளும் பழசு, கோட்டின் வீச்சும் குவெர்சினோவுடையது. அது மோசடி இல்லை, முறையான அச்சு. தகட்டின் தடம் பதிந்த ஓரத்தை வெட்டிவிட்டு, கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டு விற்பதுதான் மோசடி. அச்சில் மை தாளுக்குள் ஊறாமல் மேலே மேடாக நிற்கும். 'தூரிகையால் தடவிய நிழல் இருக்கிறதே, அச்சில் அது வருமா' என்பார்கள் விற்பவர்கள், அச்சின் மேல் கையால் நிழல் தடவ எவ்வளவு நேரம் ஆகும்? அதனால் சட்டத்தைக் கழற்றாமல் பேச்சே வேண்டாம்.

கழற்றியதும் தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள், தாள் வார்த்த சல்லடையின் கம்பி வரிகள் தெரிய வேண்டும். வரியில்லாத தாள் ஐரோப்பாவில் 1750-களில்தான் வந்தது.

சான்றிதழா? விற்கிறவரே எழுதித் தருவது மாப்பிள்ளை வீட்டார் மாப்பிள்ளைக்குக் கொடுக்கும் நற்சான்று. ஏலக்காரர்கள் மட்டும் யோக்கியமா, 'குவெர்சினோ வட்டம்' (அவரைச் சுற்றியிருந்த யாரோ), 'குவெர்சினோ பாணி' (அவரைப்போல வரைந்த யாரோ) என்று சொல்லுக்குச் சொல் வேறு அர்த்தம் வைத்துக்கொண்டு, அந்த விளக்கத்தைப் பட்டியலின் மூலையில் பொடி எழுத்தில் போடுவார்கள், கேட்டால் 'படிக்கவில்லையா' என்பார்கள்.

அப்புறம், அசலாகவே இருந்தாலும் இவ்வளவு பழைய கலைப்பொருளை இத்தாலிக்கு வெளியே கொண்டுபோக அரசாங்க அனுமதித் தாள் வேண்டும். 'சுருட்டிப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள், யாரும் பார்க்கமாட்டார்கள்' என்று கடைக்காரர் சொன்னால் அப்போதே நடையைக் கட்டுங்கள்.