பழைய வட்டுகளை ஏன் கொடுத்தீர்கள்?

மதிப்பிற்குரிய ஐயா,

‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ மூன்று படங்களின் நீட்டிக்கப்பட்ட பதிப்பை அண்மையில் வாங்கினேன். உண்மையான ரசிகன் அதைத்தான் பார்ப்பான் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். பன்னிரண்டு வயது மகனுக்கு எதை முதலில் காட்டுவது? ‘பிளேடு ரன்னர்’ படத்தில் எந்த வடிவத்தை வாங்கலாம், வட்டுகளில் வரும் இயக்குநரின் வர்ணனையைக் கேட்கத்தான் வேண்டுமா என்பதையும் சொல்லுங்கள். திரையரங்கப் பதிப்பின் பழைய டிவிடிகள் இனித் தேவைப்படாது என்பதால் பழைய பேப்பர் கடையில் போட்டுவிட்டேன்.

கோவையிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மகனோடு அமர்ந்து பார்க்கப்போகும் படத்துக்காக இவ்வளவு யோசிக்கும் தந்தைக்குப் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. முதலில் திரையரங்கப் பதிப்பைக் காட்டுங்கள். மூன்றாம் படத்தில் இறந்தோரின் படையிடம் நாயகர்களில் ஒருவனான ஆரகார்ன் உதவி கேட்கிறான். அவர்கள் பதில் சொல்வதற்கு முன்பே காட்சி முடிந்துவிடுகிறது. எதிரியின் கப்பல்கள் கரையைத் தொட்டு, அவற்றிலிருந்து அவன் குதிக்கும்போதுதான் நமக்கு விடை கிடைக்கிறது. நீட்டிக்கப்பட்ட பதிப்பிலோ அந்தப் படை சம்மதிப்பதும், ஆரகார்ன் கப்பல்களை மறிப்பதும் முன்னதாகவே வந்துவிடுவதால் அந்தக் குதிப்பு வெறும் குதிப்பாகிவிடுகிறது. ஆனாலும் இரண்டாம் முறை அதைக் காட்டத் தவறாதீர்கள். வில்லன்களில் ஒருவனான சாருமானின் முடிவு அதில்தான் இருக்கிறது. ஃபரமிர் என்ற வீரனை அவன் தந்தை எவ்வளவு இழிவாக நடத்தினார் என்பதை இரண்டாம் படத்தில் சேர்க்கப்பட்ட காட்சியில் பார்த்த பிறகுதான், அவன் ஏன் மோதிரத்துக்கு ஆசைப்பட்டான் என்பது எனக்குப் புரிந்தது. சேர்த்த காட்சிகளுக்கு ஹோவர்ட் ஷோர் புதிதாக இசையும் எழுதினார். அது அக்கறையோடு செய்யப்பட்ட வேலை.

‘பிளேடு ரன்னர்’ 2007ஆம் ஆண்டு ஐந்து வடிவங்களோடு ஒரே பெட்டியாக வந்தது. அதைத் தேடி வாங்குங்கள். வர்ணனையைப் படம் மனத்தில் ஊறிய பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

உங்கள் கடைசி வரிதான் என்னை வருத்தியது. பழைய பேப்பர் கடையிலா போட்டீர்கள்? படம் என்பது நிமிடக் கணக்கா, கூடுதலாக உள்ளது வந்ததும் குறைவாக உள்ளதைத் தூக்கி எறிய?

என் அண்ணன் ‘ஸ்டார் வார்ஸ்’ முதல் படத்தை 1990களின் தொடக்கத்தில் வாடகைக் கேசட்டில் பார்த்தார். மதுக்கூடத்தில் தன்னை மிரட்டும் கிரீடோவை ஹான் சோலோ மேசைக்கு அடியிலிருந்து சுட்டுவிடுவான், கிரீடோ சுடுவதற்கே வாய்ப்பிருக்காது என்று அவர் எனக்கு நடித்தே காட்டியிருக்கிறார். 2005 பொங்கல் விடுமுறையில் புது டிவிடியைப் போட்டுப் பார்த்தோம். கிரீடோவும் சுட்டான். அண்ணன் அதிர்ந்துபோய், இது அந்தப் படமே இல்லை என்றார். உங்களுக்குத்தான் நினைவு பிசகிவிட்டது என்று வீட்டில் எல்லோர் முன்னிலையிலும் நான் அடித்துப் பேசினேன். வட்டே சாட்சியாக இருக்கிறதே என்றேன். அவர் அதற்குமேல் எதுவும் பேசவில்லை. இரண்டாண்டு கழித்து, வெளிநாட்டிலிருந்து வந்த நண்பர் ஒருவர் தந்த வட்டில் 1977ஆம் ஆண்டு வடிவத்தைப் பார்த்தேன். அண்ணன் சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி. அன்றிரவே தொலைபேசியில் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

‘ஸ்டார் வார்ஸ்’ படங்களை உருவாக்கிய ஜார்ஜ் லூகாஸ் 1988ஆம் ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் நின்று, பழைய கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு வண்ணமேற்றுவதை எதிர்த்துப் பேசியவர். அவரே 1997ஆம் ஆண்டு தன் மூன்று படங்களையும் திருத்தி வெளியிட்டார். திருத்த அவருக்கு உரிமை இருந்தது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 2004ஆம் ஆண்டு டிவிடியில் திருத்திய வடிவம் மட்டுமே வந்தது. 2006ஆம் ஆண்டு பழைய வடிவத்தைக் கூடுதல் வட்டாகத் தந்தபோதும், டிவிடிக்கு முந்தைய லேசர் வட்டுக்காக 1993ஆம் ஆண்டு தயாரித்த பழைய பிரதியிலிருந்தே எடுத்துத் தந்தார்கள். 2011 ப்ளூ-ரேயில் அதுவும் இல்லை. கையால் செய்த மாதிரிக் கப்பல்களைப் படமாக்கி 1978ஆம் ஆண்டு ஆஸ்கர் விருது பெற்ற கலைஞர்களின் உழைப்பு, பல இடங்களில் கணினிப் படத்துக்கு அடியில் மறைந்தது. முதல் வடிவத்தைப் பார்த்துவிட்டு, அது இப்படித்தான் இருந்தது என்று சொல்பவரைப் பொய்யராக்கும் செயல் அது. நானும் அதில் பங்கேற்றேன் என்பதுதான் என் வேதனை.

‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ இயக்குநர் பீட்டர் ஜாக்சன் அந்தத் தவறைச் செய்யவில்லை. முதல் படத்தின் திரையரங்கப் பதிப்பு 2002 ஆகஸ்டிலும், நீட்டிக்கப்பட்ட பதிப்பு நவம்பரிலும் தனித்தனியாக வந்தன. பிறகு ப்ளூ-ரேயிலும் இரண்டும் கிடைத்தன. படைத்தவரே அழிக்காததை, வாங்கிய நீங்கள் அழித்திருக்கிறீர்கள். 2011 ப்ளூ-ரேயில் முதல் படத்தின் நீட்டிக்கப்பட்ட பதிப்பு பச்சை நிறம் பூசியதுபோல் தெரிந்ததை ரசிகர்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? முன்பு வந்த வட்டுகளை வைத்திருந்தவர்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள்.

நீங்கள் வட்டுகளைப் போட்டு எத்தனை நாள் ஆயிற்று என்று எழுதவில்லை. இந்த வாரமே அந்தக் கடைக்குப் போங்கள். செய்தித்தாள் கட்டுகளுக்கு இடையில் இன்னும் கிடக்கலாம். கிடைத்தால், மகனுக்கு அவற்றைத்தான் முதலில் காட்ட வேண்டும்.

அன்புடன்.