ஊசிப் பின்னலில் கண்ணி கூட்டும் முறைகள்: கேள்வி பதில்

கேள்வி: ஒரே கண்ணியின் முன்னும் பின்னும் பின்னி இரண்டாக்கும் முறை மட்டுமே எனக்குத் தெரியும். எல்லா இடத்துக்கும் அது போதுமா?

பதில்: போதாது. கண்ணி என்பது ஊசியில் நிற்கும் நூல் வளையம்; ஊசிக்கு முன்னே தெரியும் அதன் பாதி முன்கால், பின்னே இருப்பது பின்கால். ஒரு கண்ணியின் முன்காலில் பின்னியபின், அதை இடது ஊசியிலிருந்து இறக்காமல் பின்காலிலும் பின்னும்போது, புதிய கண்ணியின் அடியில் சிறிய குறுக்குக் கோடு ஒன்று விழுகிறது. மேடும் பள்ளமுமான கார்டர் பின்னலில் அக்கோடு கலந்து மறைந்துவிடும். வழவழப்பான ஸ்டாக்கினெட்டிலோ பர்ல் கண்ணி (மேடாகத் தெரியும் மறுபக்கக் கண்ணி) ஒன்று வழிதவறி வந்ததுபோல் நிற்கும். எங்கே கூட்டுகிறோம், அங்கே எது கண்ணில் படும் என்பதைப் பார்த்தே முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கேள்வி: அம்மா, இரண்டு கண்ணிகளுக்கு இடையிலுள்ள நூலைத் தூக்கிப் பின்னினால் ஒவ்வொரு முறையும் துளை விழுகிறது. ஏன்?

பதில்: தூக்கிய நூலை முறுக்காமல் பின்னுகிறீர்கள். இடது ஊசியை முன்னிருந்து பின்னாக நுழைத்து அந்நூலைத் தூக்கினால் அதன் பின்காலில் பின்னுங்கள். புதிய கண்ணி இடப்பக்கம் சாயும். பின்னிருந்து முன்னாகத் தூக்கினால் முன்காலில் பின்னுங்கள், வலப்பக்கம் சாயும். இரண்டாவதில் ஊசி நுழைய இடமில்லாமல் இறுக்கமாக இருப்பதால் பலர் சலித்துப்போய்ப் பின்காலுக்கு மாறிவிடுகிறார்கள். துளை பிறப்பது அங்கேதான். கைப்பையும் கையுறையும் போல இருபுறமும் ஒத்திருக்க வேண்டியவற்றில் இவ்விரண்டையும் இணையாகப் பயன்படுத்துவது அழகு.

கேள்வி: ஸ்வெட்டர் கையை மணிக்கட்டில் 48 கண்ணிகளோடு தொடங்கி, மேலே 72 ஆக்க வேண்டும். எத்தனை வரிசைக்கு ஒருமுறை கூட்டுவது?

பதில்: கூட வேண்டியவை 24 கண்ணிகள். ஒரு வரிசையில் இரு ஓரத்திலும் ஒவ்வொன்றாகக் கூட்டினால் 12 முறை ஆகும். மாதிரித் துண்டு ஒன்றைப் பின்னி, துவைத்து உலர்த்தி, 10 செ.மீ. உயரத்தில் எத்தனை வரிசைகள் என்று எண்ணுங்கள். அது 28 என்றும், மணிக்கட்டை ஒட்டிய, நெகிழ்ந்து கொடுக்கும் ரிப் பட்டைக்கு மேல் கையின் நீளம் 40 செ.மீ. என்றும் கொண்டால், மொத்தம் 112 வரிசைகள். அதை 12ஆல் வகுத்தால் ஒன்பதுக்குச் சற்று மேல் வரும். ஆயினும் நான் எட்டு வரிசைக்கு ஒருமுறை என்றே வைப்பேன், ஏனெனில் 96 வரிசைகளில் வேலை முடிந்து, அக்குளுக்குக் கீழே 16 வரிசைகள் நேராக நிற்கும். அங்கு அகலம் முழுமையாக இருந்தால்தான் கையைத் தூக்கும்போது இழுக்காது. கூட்டுவதை ஓரக் கண்ணியில் செய்யாமல் ஒரு கண்ணி உள்ளே தள்ளிச் செய்யுங்கள். பின்னர் இரு ஓரங்களையும் இணைத்துத் தைக்கும்போது கோணல் வராது.

கேள்வி: கண்ணுக்கே தெரியாமல் கூட்ட வழியுண்டா?

பதில்: அடுத்த கண்ணிக்கு நேர் கீழேயுள்ள கண்ணியின் வலது காலைத் தூக்கிப் பின்னி, அதன்பின் மேலுள்ள கண்ணியைப் பின்னுங்கள். மிக நன்றாக மறையும். அடுத்தடுத்த வரிசைகளில் ஒரே இடத்தில் செய்தால் துணி சுருங்கி இழுக்கும்.

கேள்வி: வட்டமான சால்வை பின்ன விரும்புகிறேன். ஒவ்வொரு சுற்றிலும் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. பின்னல் வடிவமைப்பாளர் எலிசபெத் சிம்மர்மேன் வகுத்த பை (π) சால்வையின் கணக்கைப் பின்பற்றலாம். வட்டத்தின் ஆரம் இருமடங்கானால் சுற்றளவும் இருமடங்காகும் என்பதே அதன் அடிப்படை. 9 கண்ணிகளில் தொடங்கி ஒரு சுற்று பின்னியபின் 18 ஆக்குங்கள். மூன்று சுற்றுகள் கழித்து 36, ஆறு கழித்து 72, பன்னிரண்டு கழித்து 144, இருபத்துநான்கு கழித்து 288. கூட்டும் சுற்றில் ஒவ்வொரு கண்ணிக்கும் முன் நூலை ஊசிமேல் ஒருமுறை சுற்றிக்கொள்வதுதான் வழக்கம்; அது துளை விடும், ஆனால் சால்வையில் அதுவே பூவேலையாகிவிடுகிறது. துளை வேண்டாமென்றால் அடுத்த சுற்றில் அந்நூலைப் பின்காலில் பின்னி முறுக்கிவிடுங்கள். இடைப்பட்ட சுற்றுகளில் எண்ணிக்கை மாறாததால், எந்தப் பூவேலையையும் தடையின்றிச் சேர்க்கலாம்.