விழாத நியூட்ரலும் தெறிக்கும் இரண்டாம் கியரும்: பழைய வண்டிக்காரர்களுக்குக் கேள்வி பதில்

மன்னார்குடிப் பக்கம் பட்டறை வைத்திருப்பவன் நான். ஸ்ப்ளெண்டர், சிடி 100, ஆர்எக்ஸ் 100, வலது கால் கியர் உள்ள பழைய புல்லட், இவைதான் கைக்குப் பழகியவை. இன்று கியர் சிக்கல் மட்டும் கேளுங்கள். மைலேஜ், கார்புரேட்டர் எல்லாம் இன்னொரு நாள்.

நீடாமங்கலம், 2005 ஸ்ப்ளெண்டர்: அண்ணே, ஓடும்போது கியர் ஒழுங்காக மாறுகிறது. ரயில்வே கேட்டில் நின்றால் நியூட்ரல் விழவே மாட்டேன் என்கிறது. முதல் கியர் போட்டால் டக்கென்று வண்டி குதிக்கிறது. கியர் பாக்ஸ் போய்விட்டது, இன்ஜினை இறக்க வேண்டும் என்கிறார்கள்.

இறக்க விடாதீர்கள். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போடுங்கள். இன்ஜினை அணைத்துவிட்டு, பின் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றிக்கொண்டே ஒவ்வொரு கியராகப் போட்டு எடுத்துப் பாருங்கள். நியூட்ரல் உட்பட எல்லாம் சுத்தமாக விழுந்தால் கியர் பாக்ஸில் குற்றமில்லை, கிளட்ச்தான் முழுதாக விடுபடவில்லை. லீவரை இறுக்கிப் பிடித்திருந்தாலும் பிளேட்டுகள் ஒட்டிக்கொண்டு இன்ஜின் சுற்று உள்ளே போய்க்கொண்டே இருக்கும், அந்த அழுத்தத்தில் கியர்கள் ஒன்றையொன்று விடாது, நீங்கள் காலால் எவ்வளவு மிதித்தாலும் சரி.

அடுத்தது கேபிள். லீவர் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் ப்ளே, அதாவது கேபிள் இழுக்கத் தொடங்கும் முன் லீவர் சும்மா ஆடும் தூரம், இருக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால் கிளட்ச் முழுதாகத் திறக்காது, ப்ளேயே இல்லையென்றால் பிளேட் வழுக்கித் தேயும். ஹேண்டிலை இடமும் வலமும் திருப்பிப் பாருங்கள், திருப்பும்போது ப்ளே மாறினால் கேபிள் போன வழி தப்பு. வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கத்து வண்டிகளில் உப்புக்காற்றில் கேபிள் உள்ளேயே துருப்பிடித்து இழுக்கும். வெளியில் பார்த்தால் புதுசு மாதிரி இருக்கும், லீவர் முனைக் குண்டு பக்கத்தில் இழை இழையாகப் பிரிந்திருக்கும். புதுக் கேபிள் போட்டாலே பாதி வண்டி சரியாகிவிடும்.

அதற்கும் சரியாகவில்லையென்றால் வலது பக்கக் கவரை மட்டும் கழற்றி கிளட்சைப் பாருங்கள். இரும்பு பிளேட்டைக் கண்ணாடி மேல் வைத்தால் வளைந்திருப்பது தெரியும். பிளேட்டுகள் உட்காரும் கூடான ஹவுசிங்கின் விரல்களில் பிளேட்டின் காதுகள் இடித்து இடித்துப் பள்ளம் விழுந்திருக்கும், பிளேட் அதில் மாட்டிக்கொண்டு நகராது. பள்ளம் லேசாக இருந்தால் அரம் போட்டுத் தேய்க்கலாம், ஆழமென்றால் ஹவுசிங்கை மாற்றுங்கள். புது பிளேட்டை ஆயிலில் ஊறவைத்துப் போடுங்கள், காய்ந்த பிளேட்டை அப்படியே மாட்டாதீர்கள்.

கேட்டில் நிற்கும்போது முதல் கியரைப் போட்டு, கிளட்சைப் பிடித்துக்கொண்டு ரயில் எப்போது போகும் என்று காத்திருக்காதீர்கள். நீடாமங்கலம் கேட் எப்போது திறக்கும் என்று உங்களுக்கே தெரியும். வண்டி உருண்டு நிற்பதற்கு ஒரு நொடி முன்பே நியூட்ரல் போடப் பழகிக்கொள்ளுங்கள், அப்போது தானாக விழும்.

கூத்தாநல்லூர், பிளாட்டினா: நின்றால் நியூட்ரல் விழவில்லை.

மேலே படியுங்கள். கேபிள்.

திருவாரூர், பழைய புல்லட் 350, வலது கால் கியர்: மூன்றாவதிலிருந்து கியர் தானாக நழுவி இன்ஜின் கத்துகிறது. தம்பி, எனக்கு அறுபது வயசு, இந்த வண்டியை விற்க மனசில்லை.

விற்க வேண்டாம் ஐயா. அந்த நான்கு கியர் பெட்டி இன்ஜினோடு சேராத தனிப் பெட்டி என்பதால் இன்ஜினைத் தொடாமலே வேலை பார்க்கலாம். முதலில் வெளிக் கவரைக் கழற்றச் சொல்லுங்கள். கால் லீவர் எவ்வளவு தூரம் போகலாம் என்று நிறுத்தும் பிளேட் ஒன்று அங்கே இரண்டு நட்டில் நிற்கும். அது நகர்ந்திருந்தால் கியர் முழுதாக உள்ளே போகாமல் விளிம்பில் நின்று, ஆக்சிலேட்டர் கொடுத்ததும் தெறிக்கும். அதைச் சரியாக வைத்துப் பார்த்த பிறகும் நழுவினால்தான் உள்ளே கியர் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். குதிகாலால் மிதிக்கும் நியூட்ரல் லீவரை முதல் கியரில் இருக்கும்போது மிதிக்காதீர்கள், அது இரண்டு, மூன்று, நான்கிலிருந்து மட்டும்தான் நியூட்ரலுக்குக் கொண்டுவரும்.

இடது கால் கியராக மாற்றிவிடலாமா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். மாற்ற வேண்டாம், கால் பழகிக்கொள்ளும்.

பேராவூரணி, டிவிஎஸ் எக்ஸ்எல்: கியர் மாறவே இல்லை.

அதில் கியரே மாற்ற வேண்டியதில்லை தம்பி, கிளட்ச் தானாகப் பிடிக்கும். இழுவை இல்லையென்றால் வேறு நாள் கேளுங்கள்.

கும்பகோணம், ஆர்எக்ஸ் 100: கியர் ரொம்பக் கடினமாக விழுகிறது, வெள்ளைப் புகையும் வருகிறது. டூ டி ஆயில் ஒழுங்காக ஊற்றுகிறேன்.

டூ டி ஆயில் பிஸ்டனுக்கு, பெட்ரோலோடு சேர்ந்து எரிந்துவிடும். கியர் பெட்டிக்குத் தனி ஆயில் உண்டு, அதை மாற்றி எத்தனை வருஷம் ஆயிற்று? 1996-லேயே தயாரிப்பு நின்ற வண்டி, கை மாறிக் கை மாறி வந்ததில் இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். வடித்துவிட்டுப் புதிது ஊற்றுங்கள், பிறகு அளவைக் கவனித்து வாருங்கள். வெளியே ஒழுகாமலே குறைந்தால், இன்ஜினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே அடைக்கும் கிராங்க் சீல் போய், இன்ஜின் கியர் ஆயிலை உறிஞ்சி எரிக்கிறது. புகைக்கும் அதுதான் காரணமாக இருக்கும்.

ஒரத்தநாடு, ஸ்ப்ளெண்டர்: டிராக்டருக்கு வாங்கும் 15டபிள்யூ-40 வாளியிலிருந்தே இதற்கும் ஊற்றுகிறேன். காலையில் மட்டும் முதல் கியர் இடிக்கிறது.

இதைத்தான் தலைபாடாய் அடித்துக்கொள்கிறேன். ஸ்ப்ளெண்டரில் இன்ஜின், கிளட்ச், கியர் மூன்றுக்கும் ஒரே ஆயில். அதற்குச் சொன்னது 10டபிள்யூ-30, எண் கூடினால் ஆயில் கெட்டி. கெட்டி ஆயில் காலைக் குளிரில் பிளேட்டுகளைப் பசை மாதிரி ஒட்டவைக்கும், அதனால்தான் இடிக்கிறது. கேன் மேல் ஜாசோ எம்ஏ (JASO MA, ஆயிலில் முழுகி ஓடும் பைக் கிளட்சுக்கான தரம்) என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். எம்பி என்றிருந்தால் அது ஸ்கூட்டருக்கு. கார் ஆயிலைத் தொடவே தொடாதீர்கள், எரிபொருள் மிச்சமாகும் என்று வருபவற்றில் வழுக்கல் சரக்கு இருக்கும், கிளட்ச் பிடிக்காது.

பாபநாசம்: தப்பு அண்ணே. டீசல் ஆயிலில் அந்த வழுக்கல் சரக்கு கிடையாது. பல வருஷமாக ஊற்றுகிறேன், ஸ்லிப் ஆனதே இல்லை.

பெரும்பாலான டீசல் ஆயிலில் கிடையாது, அது உண்மைதான். ஆனால் நான் ஸ்லிப்பைச் சொல்லவில்லை, இடிப்பதைச் சொன்னேன். ஸ்லிப் என்றால் பிளேட் பிடிக்காதது, இடிப்பது என்றால் பிளேட் விடாதது. இரண்டும் எதிர் எதிர்.

ஒரத்தநாடு: அப்படியென்றால் டிராக்டரின் பின்பக்க ஆயில்? அதில் பிரேக் பிளேட்டே முழுகி ஓடுகிறதே, கிளட்சுக்கு நல்லதுதானே?

யோசனை நல்ல யோசனை, பிளேட்டுக்கு ஒத்துக்கொள்ளவும் செய்யும். ஆனால் அந்த ஆயில் பிஸ்டன் சூட்டுக்கும் எரிந்த கரிக்கும் செய்யப்பட்டதல்ல. கிளட்சைக் காப்பாற்றி இன்ஜினைச் சாகடிக்கவா?

பாபநாசம்: லிட்டருக்கு எவ்வளவு மிச்சம் தெரியுமா?

ஸ்ப்ளெண்டர் ஒரு லிட்டர்கூடக் குடிக்காது. கிளட்ச் ஹவுசிங் விலையைக் கடையில் கேட்டுவிட்டு வாருங்கள், அப்புறம் பேசுவோம்.

திருவையாறு: அண்ணே, ஆயில் சண்டை போதும். எனக்கும் நியூட்ரல் விழவில்லை.

கேபிள், கேபிள், கேபிள். முதல் பதிலை ஒருவராவது படித்தீர்களா?

மயிலாடுதுறை, பழைய சிடி 100: நெல் மூட்டை ஏற்றி இழுத்தால் இரண்டாவது கியர் தெறித்து நியூட்ரலுக்கு வருகிறது. இன்ஜின் அணைத்துச் சோதித்தேன், எல்லா கியரும் விழுகிறது. கேபிளும் புதுசு.

சோதித்துவிட்டுக் கேட்டதற்கு நன்றி. இன்ஜினைப் பிரிக்கத்தான் வேண்டும் என்று இன்று நான் சொல்லப்போகும் ஒரே ஆள் நீங்கள்தான். கியரைக் கோர்க்கும் பற்கள் மூலை மழுங்கியிருக்கும். சும்மா ஓட்டும்போது பிடித்து நிற்கும், சுமை ஏறினால் சரிந்து வெளியே வந்துவிடும். அந்த ஒரு கியரை மட்டும் மாற்றிவிட்டு மூடிவிடுவார்கள், விடாதீர்கள். அதோடு கோர்க்கும் ஜோடி கியரையும், நகர்த்தும் ஃபோர்க்கையும் எடுத்துப் பாருங்கள். ஃபோர்க் வளைந்திருந்தால் புது கியரும் அடுத்த அறுவடைக்குள் போய்விடும். அப்புறம், ஓட்டும்போது காலை கியர் லீவர் மேலேயே வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன், அதை நிறுத்துங்கள்.

தலைஞாயிறு: மழையில் வண்டி முழுகிவிட்டது. இப்போது ஸ்டார்ட் ஆகிறது, கியர் வழுக்குகிறது.

உடனே அணையுங்கள். ஆயிலை வடித்துப் பாருங்கள், பால் டீ நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. புது ஆயில் ஊற்றிக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு மறுபடி வடியுங்கள், வெளுப்பு போகும்வரை இதேதான். வயல் தண்ணீர் என்றால் சேறும் உள்ளே போயிருக்கும், கவரைக் கழற்றிக் கழுவுவது நல்லது.

வலங்கைமான்: கியர் லீவர் ஆடுகிறது, மிதித்தால் சுற்றுகிறது.

லீவரின் உள் பற்கள் தேய்ந்துவிட்டன. புது லீவர் மாற்றுங்கள். வெல்டிங் வைத்துவிட்டால் பிறகு கவரைக் கழற்ற முடியாது.

முத்துப்பேட்டை: கியர் போட்ட பிறகு லீவர் மேலே திரும்பி வரவில்லை, தொங்கியே நிற்கிறது. ஸ்பிரிங் போயிருக்குமா? வண்டி நடவு வயலில் ஓடியது.

போயிருக்கலாம். அதற்கு முன் லீவருக்கும் செயின் கவருக்கும் நடுவே காய்ந்திருக்கும் சேற்றைத் தண்ணீர் அடித்துக் கழுவிவிட்டு மிதித்துப் பாருங்கள்.