சுண்டுவிரலை எங்கே வைப்பது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எட்டு வருடமாக கிளாசிக்கல் கிதார் வாசிக்கிறேன். இப்போது லூட் என்ற பழைய ஐரோப்பியத் தந்தி வாத்தியத்தைப் பழகத் தொடங்கியிருக்கிறேன். வலது கை சுண்டுவிரலை வாத்தியத்தின் மேல்பலகையில் ஊன்று, கட்டைவிரலை உள்ளங்கைப் பக்கம் விடு என்கிறார்கள். இரண்டுமே கூடாது என்றுதான் கிதாரில் படித்தேன். எது சரி? என் கிதார் கை கெட்டுவிடுமா?

ர.

அன்புள்ள ர.,

கெடாது. ஆனால் சில மாதம் குழம்பும்.

சுண்டுவிரலை மேசையில் ஊன்றிக்கொண்டு மோதிர விரலை மட்டும் தூக்கிப் பாருங்கள். முரண்டு பிடிக்கும். கிதாருக்கு மோதிர விரல் வேண்டும், அதனால்தான் உங்களுக்குத் தடை போட்டார்கள். பதினாறாம் நூற்றாண்டு லூட் இசையில் அந்த விரலுக்குப் பெரிய வேலை இல்லை. கட்டைவிரலும் சுட்டுவிரலும் நடுவிரலுமே பெரும்பாலும் போதும். தந்திகளும் தளர்வானவை. கை அந்தரத்தில் நின்றால் தூரம் பிடிபடாது. ஊன்றுவது என்றால் தொட்டுக்கொண்டிருப்பதுதான், பாரத்தை இறக்காதீர்கள்.

கட்டைவிரல் கதை கொஞ்சம் பழையது. பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை லூட்டை இறகால்தான் மீட்டினார்கள். விரலுக்கு மாறியபோதும் இறகு பிடித்த கையின் போக்கு போகவில்லை. முன்கை தந்திகளை ஒட்டிச் சாய்ந்திருக்க, அழுத்தமான சுரத்துக்குக் கட்டைவிரல் கீழே வரும், அடுத்ததற்குச் சுட்டுவிரல் மேலே போகும். டேப்லேச்சரில், அதாவது விரல் வைக்கும் இடத்தை எழுத்தால் காட்டும் பழைய இசைக்குறிப்பில், எழுத்துக்கு அடியில் ஒரு புள்ளி இருந்தால் அது சுட்டுவிரல். அப்புறம் தாழ்ந்த சுரத் தந்திகள் கூடக்கூட, 1600 வாக்கில் கட்டைவிரல் வெளியே வந்துவிட்டது. 1610இல் லண்டனில் வெளியான ஒரு தொகுப்பில் லூட் கலைஞர் பெசார்ட் கட்டைவிரலை வெளியே நீட்டச் சொல்கிறார். கட்டைவிரல் குட்டையானவர்கள் மட்டும் பழையபடி உள்ளே விட்டு வாசிக்கலாமாம், அவ்வளவு அழகில்லை என்றாலும்! எனக்கு அந்தக் குட்டை விரல்தான், ஆகவே அவர் தயவில் பிழைக்கிறேன்.

நீங்கள் கேட்காத ஒன்று, நகம். லூட்டில் தந்திகள் ஜோடி ஜோடியாக இருக்கும். முதல் தந்தி மட்டும் பெரும்பாலும் ஒற்றை, அதனால் அதற்கு அடுத்த ஜோடியை நகத்தால் மீட்டுங்கள். ஒரு தந்தி ‘டிக்’கென்று தட்டுப்பட்டு, மற்றது இம்மி பிந்தி வரும். இப்போது விரல்நுனிச் சதையை இரண்டின் மீதும் வைத்து, பலகைப் பக்கம் லேசாக அழுத்தி விடுங்கள். இரண்டும் ஒரே குரலாக வரும். இதைக் கேட்ட அன்றே நான் நகத்தை வெட்டினேன். ஒரு மாதம் என் கிதார் போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல இருந்தது. பிறகு காது பழகிவிட்டது.

நகமில்லாமல் கிதார் எப்படி என்று பயப்பட வேண்டாம். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கிதார் மேதை பெர்னாண்டோ சோர் சதையால்தான் வாசித்தார். அவருடைய நண்பரும் கிதார் கலைஞருமான அக்வாதோ நகம் வைத்திருந்தார். இருவரும் வாசிக்க சோர் ஒரு ஜோடிக் கிதார் இசையே எழுதினார்.

முதலில் வலது கையில் சுட்டுவிரல், நடுவிரல் நகங்களை மட்டும் வெட்டிப் பாருங்கள். பிடிக்காவிட்டால் வளர்ந்துவிடும்.