பிரிட்டனில் இருப்பவர்கள் சின்ன இத்தாலியக் கார் வாங்கலாமா?

கேள்வி கேட்டவர் சொல்லியிருப்பது இதுதான்: லண்டனுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. 4,000 பவுண்டுக்குள் ஒரு பழைய ஃபியட் 500 கண்ணில் பட்டிருக்கிறது. மனைவிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. வேலையிடத்தில் எல்லாரும் "இத்தாலியக் கார் பக்கமே போகாதே" என்கிறார்கள். சாதக பாதகம் என்ன?

நான் லண்டன் ஈஸ்ட் ஹாமில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். 2011-இல் பதிவான 500 ஒன்றை ஐந்து வருடம் ஓட்டினேன். இப்போது வீட்டில் இருப்பது ஃபியட்டின் இன்னொரு சின்னக் காரான பாண்டா. அதனால் இதை ஒரு ரசிகன் எழுதியதாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும், குழந்தை இருக்கும் வீட்டில் இருக்கப்போகும் ஒரே கார் என்றால், 500-ஐ வாங்கச் சொல்ல எனக்கு மனம் வராது. இரண்டாவது கார் என்றால் தாராளமாக வாங்கலாம். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அந்த "இத்தாலிய" என்ற சொல். 2007-இல் வந்த 500 பிரிட்டனுக்கு வந்ததெல்லாம் போலந்தில், டிஹி என்ற ஊரில் செய்தது. அதே தொழிற்சாலையில்தான், அதே அடித்தளத்தில், 2008 முதல் ஃபோர்டு கா காரும் தயாரானது. உங்கள் நண்பர்கள் ஃபோர்டு கா வாங்கச் சொன்னால் சிரித்துக்கொள்ளுங்கள். 2024-இல் ஆல்ஃபா ரோமியோ தன் புதிய சின்னக் காருக்கு மிலானோ என்று பெயர் வைத்தது. போலந்தில் செய்த வண்டிக்கு இத்தாலிய ஊரின் பெயரா என்று இத்தாலிய அமைச்சர் ஒருவர் எதிர்த்தார். சில நாட்களிலேயே பெயர் ஜூனியர் ஆகிவிட்டது. அடுத்த மாதம் லிவோர்னோ துறைமுகத்தில் ஃபியட் டோபோலினோ வண்டிகளைப் பறிமுதல் செய்தார்கள். மொராக்கோவில் செய்த வண்டியின் கதவில் இத்தாலியக் கொடி ஸ்டிக்கர் ஒட்டியதுதான் குற்றம்! இந்தக் கூத்தில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. பிரிட்டனில் 500-க்குப் போட்டியாக விற்ற முதல் தலைமுறை ஹூண்டாய் ஐ10 நம் ஸ்ரீபெரும்புதூரில் செய்தது. ஆக, "இத்தாலிய" என்பது இங்கே வடிவமைப்பையும் எஞ்சினையும் பற்றிய சொல், அவ்வளவுதான்.

நண்பர்களின் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. எழுபதுகளில் வந்த இத்தாலியக் கார்கள் பிரிட்டன் மழையில் அப்பளம் மாதிரி நொறுங்கின. லான்சியா பீட்டாவின் துரு விவகாரம் 1980-இல் செய்தித்தாள்களில் வந்து, கம்பெனியே கார்களைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. அந்தப் பெயர்க்கேட்டிலிருந்து லான்சியா மீளவே இல்லை. 1994-இல் பிரிட்டனை விட்டே போய்விட்டது. ஃபியட் என்ற நான்கெழுத்துக்கு "ஃபிக்ஸ் இட் அகெய்ன், டோனி" என்று ஆங்கிலத்தில் விரிவு சொல்வார்கள். உங்கள் மேனேஜருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருந்தால் அவர் அப்பாவின் காரை நினைத்துத்தான் பேசுகிறார். ஒரு வேடிக்கை: அந்தக் காலத்தில் துருவுக்குப் பேர்போன ஆல்ஃபா ரோமியோவின் ஆல்ஃபாசுட் கார் உருவான நேப்பிள்ஸ் பக்கத்துத் தொழிற்சாலையில்தான், போமிலியானோ தார்கோ என்ற ஊரில், பின்னாளில் என் பாண்டாவும் உருவானது. என் வண்டியின் உடம்பில் இன்று வரை ஒரு துருப் பொட்டு இல்லை. அடியில் இருக்கும் கதை வேறு, அதற்குப் பிறகு வருகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். லண்டனில் எங்கள் பக்கத்துத் தெருக்களெல்லாம் குதிரை வண்டிக் காலத்தில் போட்டவை. ஒட்டி ஒட்டி வீடுகள், இரண்டு பக்கமும் வரிசையாகக் கார்கள், நடுவில் ஒரு வண்டி போக மட்டும் இடம். 500-இன் நீளம் ஏறக்குறைய மூன்றரை மீட்டர், அகலம் 1.63 மீட்டர். இப்போது எல்லாரும் வாங்கும் எஸ்யூவிகள் 1.8 மீட்டருக்கு மேல். எதிரே வேன் வரும்போது எஸ்யூவிக்காரர்கள் பின்னால் எடுப்பார்கள், நான் நகரவே வேண்டாம். டாஷ்போர்டில் "சிட்டி" என்று ஒரு பட்டன் உண்டு. அழுத்தினால் ஸ்டீயரிங் பஞ்சு மாதிரி ஆகிவிடும், ஒரு விரலால் சுற்றலாம். மேனர் பார்க் முருகன் கோயிலுக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் காரில் போனவர்களுக்கு இதன் அருமை தெரியும். தைப்பூசத்தன்றுகூட எனக்கு இடம் கிடைத்திருக்கிறது, மற்றவர்கள் "இதில் நுழையாது" என்று விட்டுப்போன இடம். ஐந்து வருடத்தில் அந்தக் கார் எனக்குக் கொடுத்த பெரிய சந்தோஷம் இதுதான், அதன் அழகுகூட இல்லை.

ஓட்டுவதில் ஒரு துள்ளல் இருக்கும். 1.2 பெட்ரோல் எஞ்சினுக்கு 69 குதிரைத்திறன்தான். மணிக்கு 62 மைல் தொட ஏறக்குறைய 13 நொடி ஆகும். ஆனாலும் ஊருக்குள் வேகமாகப் போகிற மாதிரி ஒரு உணர்வு, உண்மையில் 20 மைலில் போய்க்கொண்டிருப்போம். எங்கள் பக்கமெல்லாம் 20 மைல் வரம்பு வந்துவிட்ட பிறகு இது ஒரு பெரிய குணம். எம்1-இல் பர்மிங்ஹாம் போகும்போது அதே வண்டி மூச்சு வாங்கும். மேட்டில் லாரியை முந்த நான்காம் கியருக்கு இறக்க வேண்டும், சத்தத்தில் பாட்டுக் கேட்காது.

இனி உங்கள் குடும்பத்துக்கு வருகிறேன். 500-க்கு இரண்டே கதவு. குழந்தை சீட்டைப் பின்னால் மாட்டிவிட்டு, தினமும் முன் சீட்டை மடக்கி, குனிந்து, உடம்பை முறுக்கி, தூங்கும் குழந்தையை உள்ளே வைத்து பெல்ட் போட வேண்டும். இது வெயிலில். மழையில் உங்கள் முதுகு முழுக்க வெளியே நனைந்துகொண்டிருக்கும். இந்த ஊரில் எத்தனை நாள் மழை என்று உங்களுக்குத் தெரியும். டிக்கி 185 லிட்டர். மடக்கிய பிராம் ஒன்று வைத்தால் இருபது கிலோ அரிசி மூட்டை முன் சீட்டில்தான் வரவேண்டும், அதற்கும் பெல்ட் போட வேண்டும், இல்லையென்றால் வண்டி கத்திக்கொண்டே வரும். ஸ்டீயரிங் மேலும் கீழும்தான் நகரும், முன்னால் இழுக்க முடியாது. உயரமானவர்கள் கை நீட்டி, கால் மடக்கி உட்கார வேண்டும். இடது பக்கம் ஸ்டீயரிங் என்று யோசித்துச் செய்த வண்டியை நமக்காக மாற்றியிருக்கிறார்கள் என்பதை பெடல்கள் நெருங்கி நிற்பதிலேயே காலால் கண்டுபிடிக்கலாம்.

அப்போ பாண்டா வாங்கலாமே என்பீர்கள். நானும் அப்படித்தான் மாறினேன். நான்கு பயணிகளுக்கும் ஆளுக்கொரு கதவு, உயரமான கூரை, 225 லிட்டர் டிக்கி. கியர் லிவர் டாஷ்போர்டிலேயே நிற்கும். அப்பாவை அதில் கூட்டிப்போனபோது, ஸ்டீயரிங் பக்கத்தில் கியர் வைத்திருந்த பழைய பிரீமியர் பத்மினியைப் பற்றி ஹீத்ரோவிலிருந்து வீடு வரை பேசினார். அவர் தலைமுறைக்கு ஃபியட் என்றாலே அதுதானே.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. யூரோ என்கேப் மோதல் சோதனையில் 500-க்கு 2007-இல் ஐந்து நட்சத்திரம் கிடைத்தது. 2017-இல் மறுபடி சோதித்தபோது மூன்றுதான். பாண்டாவுக்கு 2018-இல் கிடைத்தது பூஜ்யம். தானாக பிரேக் போடும் வசதி மாதிரியான புதிய விஷயங்கள் இல்லாததால் மதிப்பெண் குறைந்தது என்பது பாதிக் காரணம்தான். ஓட்டுநருக்கு உதவும் கருவிகளுக்கு 7 சதவீதம் என்றால் அந்தச் சமாதானம் சரி. குழந்தைகள் பாதுகாப்புக்கு 16 சதவீதம் என்பதை அப்படி விளக்கிவிட முடியாது. என் பையனுக்குப் பத்தொன்பது வயது, அவன் பஸ்ஸில் போகிறான். பாண்டாவில் நானும் மனைவியும் கடைக்கும் கோயிலுக்கும் போகிறோம். மூன்று வயதுக் குழந்தையோடு வாரம் தவறாமல் மோட்டார்வே போகிறவர் என்றால் நான் பாண்டாவையும் வாங்கமாட்டேன். அழகில்லாத, நம்பகமான ஜப்பான் அல்லது கொரியக் கார் ஒன்றின் நட்சத்திரத்தை, எந்த வருடச் சோதனை என்பதையும் சேர்த்துப் பார்த்து வாங்குவேன்.

சரி, இரண்டாவது கார்தான், 500-தான் வேண்டும் என்று முடிவாகிவிட்டால் எந்த எஞ்சின்? பெரிதாக யோசிக்க வேண்டாம், 1.2 பெட்ரோல், கை கியர். ஃபயர் என்று பெயர்கொண்ட இந்த எஞ்சின் குடும்பம் 1985-இலிருந்து இருக்கிறது. எந்தச் சின்ன ஒர்க்ஷாப் மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு கழற்றுவார், பாகங்கள் மலிவு. 2010-இல் வந்த ட்வின்ஏர் இரண்டே சிலிண்டர். ஆட்டோ மாதிரி படபடவென்று சத்தம் போடும், எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும். கம்பெனி சொன்ன மைலேஜ் கேலனுக்கு 68.9 மைல், ஆனால் நிஜச் சாலையில் நாற்பதுகளைத் தாண்டினாலே பெரிது. ரோடு டாக்ஸ் குறைவு என்று அதை வாங்கியவர்கள் மிச்சம் பிடித்ததையெல்லாம் பெட்ரோலில் விட்டார்கள். 1.3 மல்டிஜெட் டீசல் வேண்டாம். நம் ஊரில் ஸ்விஃப்ட் டீசலுக்குள் இருந்து லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடிய அதே எஞ்சின் குடும்பம், குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் யூரோ 6 என்ற புகை விதிக்குள் வராத பழைய டீசல், லண்டனில் புகை அதிகம் விடும் வண்டிகளுக்கான யூலெஸ் கட்டணத்தில் மாட்டும், ஓட்டுகிற நாளுக்கு 12.50 பவுண்டு. 2023 ஆகஸ்டிலிருந்து லண்டன் முழுக்க இந்தக் கதைதான். பெட்ரோல் 500-க்கு அந்தத் தொல்லை இல்லை. டூவலாஜிக் என்ற ஆட்டோமேடிக்கையும் தவிர்த்துவிடுங்கள். உள்ளே சாதாரண கியர்பாக்ஸ், கிளட்ச்சை அழுத்துவதும் கியர் மாற்றுவதும் ஹைட்ராலிக் பம்ப். அந்த பம்ப் படுத்தால் வண்டி விலையில் நல்ல பங்கு செலவாகும்.

ரோடு டாக்ஸில் ஒரு நுணுக்கம். 2017 ஏப்ரலுக்கு முன்னால் பதிவான பெரும்பாலான 500-களுக்குப் புகையளவை வைத்து வருடத்துக்கு 20 அல்லது 35 பவுண்டு அளவில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு பதிவானதற்கு, அதே கார் என்றாலும், 2025 ஏப்ரல் கணக்குப்படி 195 பவுண்டு. புது நம்பர் பிளேட் ஆசை இருந்தால் யோசித்துக்கொள்ளுங்கள்.

இப்போது அடிப்பக்கம். பிரிட்டனில் குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவுகிறார்கள். அந்த உப்புத் தண்ணீர் 500, பாண்டா, கா மூன்றுக்குமே பின் அச்சையும் எஞ்சின் ஆயில் தொட்டியையும் அரிக்கும். உடம்பு பளபளவென்று இருக்கும், அச்சு பொருக்குத் தட்டிப்போயிருக்கும். அரசாங்க இணையதளத்தில் பதிவு எண்ணைப் போட்டால் பழைய எம்ஓடி சோதனைகள், அதாவது வண்டி சாலையில் ஓடத் தகுதியானதா என்று வருடாவருடம் பார்க்கும் சோதனைகள், எல்லாம் இலவசமாக வரும். பாஸா ஃபெயிலா என்று மட்டும் பார்க்காதீர்கள், கீழே அட்வைசரி என்று எழுதியிருக்கும் எச்சரிக்கைகளைப் படியுங்கள். பின் அச்சில் துரு என்று மூன்று வருடமாக எழுதியும் யாரும் தொடவில்லை என்றால், காரைவிட அதன் சொந்தக்காரரைப் பற்றித்தான் அது அதிகம் சொல்கிறது. இந்தக் கார்களின் உண்மையான வியாதி அதுதான். முதல் கார் என்று வாங்கித் தருகிறார்கள், பள்ளிக்கும் கடைக்கும் இரண்டிரண்டு மைல் ஓட்டுகிறார்கள், மலிவான வண்டிதானே என்று சர்வீஸைத் தள்ளிப்போடுகிறார்கள்.

நானும் ஏமாந்திருக்கிறேன். என் 500-ஐ விற்ற டீலர் "டைமிங் பெல்ட் போன வருடம்தான் மாற்றியது, ரசீது எங்கேயோ இருக்கிறது" என்றார். டீ கொடுத்தார், குழந்தைக்குச் சாக்லேட் கொடுத்தார், நம்பிவிட்டேன். இரண்டு மாதம் கழித்து எங்கள் தெரு மெக்கானிக் எஞ்சின் பக்கத்துக் கவரைக் கழற்றி, டார்ச் அடித்துக் காட்டினார். பெல்ட் முழுக்க வெடிப்பு, கம்பெனியில் போட்ட முதல் பெல்ட்டே அது. தண்ணீர் பம்பையும் சேர்த்து மாற்றியதில் 300 பவுண்டுக்கு மேல் போனது. ரசீது இல்லாத பெல்ட் மாற்றாத பெல்ட் என்றே வைத்து விலை பேசுங்கள். முன் ஸ்பிரிங் ஒன்றும் உடைந்தது, ஆனால் அது நான் ராத்திரியில் பார்க்காமல் இறக்கிய சாலைக்குழி, காரின் தலையில் போடமாட்டேன்.

எலக்ட்ரிக் 500 டூரினில் மிராஃபியோரியில் செய்தது, அதாவது நிஜமான இத்தாலியக் கார். 42 கிலோவாட் மணி பேட்டரிக்கு 199 மைல் என்பது கம்பெனிக் கணக்கு. பழையதாக வாங்கினால் விலை நன்றாக இறங்கியிருக்கும். உங்கள் 4,000-க்குள் அடங்காது, வீட்டு வாசலில் சொந்த பார்க்கிங் இல்லாதவர்களுக்கு சார்ஜ் போடுவதும் பாடு. அதனால் விட்டுவிடுகிறேன்.

கடைசியாக, நேரில் பார்க்கப் போகும்போது குழந்தையின் சீட்டை மறக்காமல் எடுத்துப்போங்கள். விற்பவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, பின்னால் மாட்டி, குழந்தையை உட்காரவைத்து, இறக்கி, மறுபடி உட்காரவைத்துப் பாருங்கள். நீங்கள் ஒரு தடவை, மனைவி ஒரு தடவை. மூன்றாவது தடவை யார் என்று சண்டை வரவில்லை என்றால் டைமிங் பெல்ட் ரசீதைக் கேளுங்கள்.