ஜெனரேட்டர் ஒயரைச் சுவர் சாக்கெட்டில் செருகாதீர்கள்

கேள்வி: உசிலம்பட்டியில் வீட்டின் முன்பக்கத்திலேயே தையல் கடை வைத்திருக்கிறேன். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்தும் நாளில் வேலை நின்றுபோவதால், மதுரையில் ஒரு புரோக்கர் மூலம் பழைய 2 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டர் வாங்கினேன். "தனி ஒயரிங் எதற்கு? ரெண்டு பக்கமும் பிளக் வைத்த ஒயரைச் சுவர் சாக்கெட்டில் செருகி, மெயினை ஆஃப் பண்ணுங்க" என்கிறார். மழைக்குப் பயந்து மாடிப்படிக்குக் கீழே வைத்திருக்கிறேன். இரண்டு மாதம் ஓட்டாமல் விட்டதில் இப்போது ஸ்டார்ட்டும் ஆகவில்லை. என்ன செய்வது?

பதில்: அந்த ஒயரை இன்றே வெட்டிப் போடுங்கள், சகோதரி. ஸ்டார்ட் ஆகாதது சின்னப் பிரச்சினை. அதற்குப் பிறகு வருகிறேன்.

நீங்கள் ஜெனரேட்டரை ஓட்டப்போவது ஈபி ஆட்கள் கம்பத்தில் ஏறி வேலை செய்யும் அதே நேரத்தில். மெயினை ஆஃப் செய்ய ஒருநாள் மறந்தால் போதும், உங்கள் ஜெனரேட்டர் கரண்ட் மீட்டர் வழியாகத் தெரு லைனுக்குப் போய்விடும். தெரு டிரான்ஸ்ஃபார்மர் 11,000 வோல்ட்டைக் குறைத்து வீட்டுக்குத் தருகிறது. வீட்டுப் பக்கத்திலிருந்து கரண்ட் ஏறினால் அதே டிரான்ஸ்ஃபார்மர் அதை ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயர்த்திவிடும். "லைன் செத்துக் கிடக்கிறது" என்று நம்பித்தான் கம்பத்தில் இருக்கும் ஈபி ஆள் கம்பியைத் தொடுகிறார். அதற்குள் ஈபி கரண்ட் வந்துவிட்டால் உங்கள் ஜெனரேட்டர் காயில் கருகும். ஒயரின் ஒரு முனை சாக்கெட்டிலிருந்து நழுவினால் 230 வோல்ட் பாயும் பித்தளைப் பின்கள் தரையில் கிடக்கும். பிள்ளைகள் நடமாடும் வீடு.

இந்த ஒயரை ஜெனரேட்டரோடு இலவசமாகக் கட்டிக்கொடுக்கும் புரோக்கர்களை என்ன சொல்வது! பெரிய ஜெனரேட்டர் என்றால் அனுமதி, சோதனை என்று ஆயிரம் கேட்கிறார்கள். கையில் தூக்கிப் போகும் சின்ன ஜெனரேட்டரை யார், எப்படி இணைத்திருக்கிறார்கள் என்று ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. அந்த இடைவெளியில்தான் இவர்கள் பிழைக்கிறார்கள்.

உங்களுக்குத் தேவை ஒரு சேஞ்ச் ஓவர் சுவிட்ச். 32 ஆம்பியரில், பேஸ் (கரண்ட் வரும் கம்பி), நியூட்ரல் (திரும்பும் கம்பி) இரண்டையும் சேர்த்து வெட்டும் டபுள் போல் வகையாக வாங்குங்கள். பேஸை மட்டும் மாற்றுவது மலிவாகக் கிடைக்கும், வேண்டாம். ஒரு பக்கம் ஈபி, மறுபக்கம் ஜெனரேட்டர், நடுவில் பூஜ்யம். இரண்டும் ஒருபோதும் சந்திக்கவே முடியாது. லைசென்ஸ் உள்ள வயர்மேனே மாட்ட வேண்டும். மீட்டர் சீலைத் தொட வேண்டிய வேலை இதில் இல்லை. தொட வேண்டும் என்று பணம் கேட்டால் வேறு ஆளைப் பாருங்கள்.

சேஞ்ச் ஓவர் இல்லாமல் ஓட்ட ஒரே ஒரு வழி உண்டு. மெஷினின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி, ஜெனரேட்டரிலிருந்து வரும் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் நேராகச் செருகுவது. அப்போது வீட்டு ஒயரிங்குக்கும் ஜெனரேட்டருக்கும் தொடர்பே இல்லை. ஆனால் அந்த ஒயர் எர்த்தோடு மூன்று கோர், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பாக இருக்க வேண்டும். ரீலில் சுற்றிய ஒயர் என்றால் முழுக்கப் பிரித்துவிடுங்கள். சுற்றியபடியே ஓட்டினால் சூடேறி இன்சுலேஷன் உருகும். கதவிடுக்கில் நசுங்கக் கூடாது, ஈரத் தரையில் ஜாயின்ட் கிடக்கக் கூடாது. அந்த எக்ஸ்டென்ஷன் பெட்டியிலிருந்து இன்னொரு ஒயரைச் சுவருக்கு இழுத்தால் பழைய கதைதான்.

மாடிப்படிக்குக் கீழே வைப்பதும் கூடவே கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. படிக்கட்டு வழியே மேல் அறைக்கு ஏறும். தலைவலி, வாந்தி, கிறுகிறுப்பு வந்தால் உடனே எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். தூங்குகிறவர்களுக்கு அந்த அறிகுறியும் தெரியாது. ஷட்டரைப் பாதி திறந்து வைத்தால் போதாது. கதவு, ஜன்னலிலிருந்து 20 அடியாவது தள்ளி, புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்த்திசையில் இருக்கட்டும். மழைக்கு நாலு பக்கமும் திறந்த தகரக் கூரை போடுங்கள்.

இனி ஸ்டார்ட் பிரச்சினை. இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் கிடந்தால் பிசினாகி கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சிறு துளையான ஜெட்டை அடைக்கும். டேங்கைக் காலி செய்து, கார்புரேட்டரின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி மீதியை வடித்து, புதுப் பெட்ரோல் ஊற்றிப் பாருங்கள். இன்ஜினின் ஸ்பார்க் பிளக் இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர். அப்படியும் ஓடவில்லை என்றால் ஜெட்டைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். இனி ஒவ்வொரு முறையும் பெட்ரோல் வரும் வால்வை மூடி, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு நிறுத்துங்கள். மாதம் ஒருமுறை பத்து நிமிடம் ஓட்டுங்கள்.

பழைய ஜெனரேட்டர் என்பதால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பல மாடல்களில் ஆயில் குறைந்தால் இன்ஜினை நிறுத்தும் சென்சார் உண்டு. ஆயில் குடிக்கும் இன்ஜினை விற்பதற்காக அந்த ஒயரை வெட்டி டேப் சுற்றிவிடுவார்கள். இன்ஜின் அருகே அப்படித் தொங்கும் ஒயர் இருந்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். 10டபிள்யூ-30 ஆயிலை, சமதளத்தில் வைத்து, ஆயில் அளவு பார்க்கும் ஸ்டிக்கின் மேல் கோடு வரை ஊற்றுங்கள். வாங்கியவுடன் ஒருமுறை மாற்றிவிட்டு, பிறகு 50 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். நம் ஊர்ப் புழுதிக்கு அதுதான் சரி. ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்சை அப்போதே சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைத்து, சில சொட்டு ஆயில் தடவிப் பிழிந்து மாட்டுங்கள்.

ஸ்டிக்கரில் "மேக்ஸ்" என்ற எண்ணை நம்பாமல் தொடர்ந்து தாங்கும் அளவைச் சொல்லும் "ரேட்டட்" எண்ணைப் பாருங்கள். அதில் முக்கால் பங்குக்கு மேல் ஏற்றாதீர்கள். லோடு இல்லாமல் ஸ்டார்ட் செய்து, மூன்று நிமிடம் கழித்து சேஞ்ச் ஓவரைத் திருப்புங்கள். ஃபிரிட்ஜ் கிளம்பும்போது பல மடங்கு இழுக்கும் என்பதால் அதை முதலில் தனியாக ஓடவிட்டு, மெஷின்களை ஒவ்வொன்றாகப் போடுங்கள். அயர்ன் பாக்ஸை அன்றைக்கு எடுக்கவே வேண்டாம். நடுவில் பெட்ரோல் தீர்ந்தால் இன்ஜினை நிறுத்தி, 15 நிமிடம் ஆறிய பிறகே ஊற்றுங்கள், அதுவும் கழுத்துவரை நிரப்பாமல்.