மகனை ஏன் அதட்டினீர்கள்?

கேள்வி: நானும் என் மனைவியின் தம்பியும் வாரம் ஒருமுறை, மேசைமேல் பந்துகளைக் குச்சியால் அடித்துக் குழியில் தள்ளும் எட்டுப் பந்து பூல் ஆடுவோம். போன மாதம் குனிந்து குறி பார்க்கும்போது என் சட்டைக் கை பட்டு, ஓரமாக இருந்த அவனுடைய பந்து ஒன்று இரண்டு விரல்கடை நகர்ந்துவிட்டது. வேண்டுமென்று செய்யவில்லை. அவன் அப்போது திரும்பி நின்று போனில் பேசிக்கொண்டிருந்தான். பந்தைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு ஷாட் ஆடினேன், என் பந்து விழுந்தது. யார் எத்தனை ஆட்டம் ஜெயித்தார்கள் என்று குறித்துக்கொண்டிருந்த என் பத்து வயது மகன், "அப்பா, உங்க கை பட்டுச்சே" என்றான். சின்னப் பையன், விவரம் தெரியாது. அதட்டி உட்கார வைத்தேன். மச்சான் அதைப் பிடித்துக்கொண்டான். அவன் ஃபவுல் என்கிறான், நான் இல்லை என்கிறேன். பேச்சு முற்றி, க்யூ குச்சியை வைத்துவிட்டுப் போனவன் இன்றுவரை வீட்டுக்கே வரவில்லை. தெரியாமல் பட்டதற்கெல்லாம் ஃபவுல் உண்டா? ஒரு பந்துக்காக உறவை முறிப்பது நியாயமா?

பதில்: முதலில் விதியைப் பார்த்துவிடுவோம். நீங்கள் அதற்குப் பின்னால்தான் ஒளிந்துகொள்ளப் பார்க்கிறீர்கள்.

உலக பூல் பில்லியர்ட் சங்கத்தின் விதிப்படி, எந்தப் பந்தின் மீது கையோ துணியோ பட்டாலும் ஃபவுல்தான். தெரியாமல் பட்டது என்பது அங்கே செல்லாது. ஆனால் ரெஃப்ரி இல்லாத ஆட்டத்துக்கு ஒரு தளர்வு உண்டு. குச்சியால் அடிக்கிற வெள்ளைப் பந்தைத் தொட்டால் மட்டும் ஃபவுல் என்று வைத்துக்கொண்டு ஆடலாம். அப்படி ஆடும்போது வேறொரு பந்து தற்செயலாக நகர்ந்தால், அது இன்னொரு பந்தைத் தொடாதவரை, அது முதலில் இருந்த இடத்தின் வழியாக எந்தப் பந்தும் உருண்டு போகாதவரை, குற்றமில்லை. ஒரே ஒரு கடமைதான் இருக்கிறது. எதிராளியிடம் சொல்ல வேண்டும். பந்து நகர்ந்த இடத்திலேயே இருக்கட்டுமா, பழைய இடத்துக்குப் போகட்டுமா என்பதை அவர்தான் முடிவு செய்வார். அவரைக் கேட்காமல் அடுத்த ஷாட்டை ஆடிவிட்டால் அது ஃபவுல். வெள்ளைப் பந்தை மேசையில் எங்கு வேண்டுமானாலும் வைத்து ஆடும் உரிமை அவருக்குப் போய்விடும்.

ஆகவே சட்டை பட்டதை விதியே மன்னிக்கத் தயாராக இருந்தது. மச்சான் திரும்பி நின்ற நேரத்தில் நீங்களே பந்தை எடுத்து வைத்து, நீங்களே தீர்ப்பும் சொல்லி, ஷாட்டையும் ஆடினீர்களே, அதுதான் ஃபவுல். அவர் உடனே கேட்டிருக்கிறார், அடுத்த ஷாட் தொடங்கும் முன்பே. அதிலும் குறை சொல்ல வழியில்லை. சின்ன வயதில் இதை அழுகுணி ஆட்டம் என்றுதானே சொல்வோம்?

சரி, ஆட்டம் முடிந்தது. இப்போது உங்கள் மகனுக்கு வருகிறேன்.

மச்சானைப் பற்றி அத்தனை வரி எழுதியிருக்கிறீர்கள். பையனுக்கு ஒன்றரை வரி. "விவரம் தெரியாது" என்கிறீர்கள். அவனுக்கு என்ன தெரியவில்லை? கை பட்டது அவனுக்குத் தெரிந்தது. பட்டதைச் சொல்ல வேண்டும் என்பதும் தெரிந்தது. அந்த மேசையைச் சுற்றி நின்ற மூன்று பேரில் விவரத்தோடு நடந்துகொண்டவன் அவன் ஒருவன்தான். மாமாவுக்குச் சாதகமாகவோ அப்பாவைக் காட்டிக்கொடுக்கவோ அவன் பேசவில்லை. கண்ணால் கண்டதைச் சொன்னான். அதற்குக் கிடைத்தது அதட்டல், அதுவும் மாமா முன்னால்.

இனி அவன் என்ன செய்வான் தெரியுமா? வாய் திறக்கும் முன் உங்கள் முகத்தைப் பார்ப்பான். அப்பாவுக்குப் பிடிக்கிற உண்மை எது, பிடிக்காத உண்மை எது என்று தரம் பிரிப்பான். நாளைக்கு அவனே ஒரு தப்பைச் செய்துவிட்டு மறைத்தால், "உண்மையைச் சொல்லு" என்று எந்த வாயால் கேட்பீர்கள்? பிள்ளைக்குச் சோறும் படிப்பும் கொடுப்பது மட்டும் தகப்பன் கடமை ஆகிவிடாது. தன் எதிரில் உண்மையைப் பயமில்லாமல் சொல்ல விடுவதும் கடமை. இதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது. இப்படி வருகிற கடிதங்களில் எல்லாம் பெரியவர்களின் ரோஷத்துக்குத்தான் முதலிடம். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த குழந்தை கடைசியில் ஒரு வரியாக வரும். படிக்கப் படிக்க எனக்குக் கோபம்தான் வருகிறது.

மச்சான் க்யூவை வைத்துவிட்டுப் போனதும், வீட்டுக்கு வராமல் இருப்பதும் சரியில்லைதான். ஆனால் தப்பு உங்களுடையது, வயதிலும் உறவிலும் பெரியவர் நீங்கள். நீங்கள்தான் போக வேண்டும். புருஷனுக்கும் தம்பிக்கும் நடுவில் ஒரு மாதமாக உங்கள் மனைவி எப்படி இருக்கிறார் என்று கடிதத்தில் ஒரு சொல் கூட இல்லை, கவனித்தீர்களா?

போகும்போது பையனையும் கூட்டிக்கொண்டு போங்கள். அதட்டியது மாமா முன்னால், அதனால் திரும்பப் பெறுவதும் அவர் முன்னால்தான். "நீ சொன்னதுதான் சரி. கை பட்டது. உன்னை அதட்டியது என் தப்பு" என்று மகனிடம் முதலில் சொல்லுங்கள். மச்சானிடம் அப்புறம் பேசலாம். "இருந்தாலும் நான் வேண்டுமென்று செய்யவில்லை" என்று வால் ஒட்டாதீர்கள்.

மறுபடி ஆட உட்காரும்போது விதிகளை ஆட்டத்துக்கு முன்பே பேசிவிடுங்கள். எந்தப் பந்தைத் தொட்டாலும் ஃபவுலா, வெள்ளை மட்டுமா? கடைசியாகத் தள்ள வேண்டிய கறுப்புப் பந்தும் வெள்ளையும் சேர்ந்து குழியில் விழுந்தால் தோல்வி என்பதில் சண்டை வராது. கறுப்பைக் குறிவைத்து ஆடும்போது அது விழாமல் வெள்ளை மட்டும் விழுந்தால்தான் வரும். சங்கத்தின் விதியில் அது வெறும் ஃபவுல். பலர் அதையும் தோல்வி என்றே ஆடுவார்கள், அதனால் முதலிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள். கை பட்டுவிட்டால் உடனே நிமிர்ந்து நின்று சொல்லுங்கள், பந்தை நீங்கள் தொடாதீர்கள்.

வெள்ளை எந்தப் பந்தை முதலில் தொடும் என்று சந்தேகம் வருகிற நெருக்கமான ஷாட் என்றால், ஆடுவதற்கு முன்பே நிறுத்தி மூன்றாவது ஆள் ஒருவரை அருகில் நின்று பார்க்கச் சொல்வதுதான் முறை. அவராலும் உறுதியாகச் சொல்ல முடியாவிட்டால் ஆடியவர் பக்கம் விட்டுவிட வேண்டும். உங்களுக்கு அந்த மூன்றாவது ஆள் வீட்டிலேயே இருக்கிறான். அவனைக் கூப்பிட்டு நிறுத்துங்கள். அவன் சொல்வதை இருவரும் ஏற்றுக்கொள்ளுங்கள், உங்களுக்கு எதிராகச் சொன்னாலும். அது முடியாது என்றால் இனி அவனை ஆட்டத்துக்குக் கூட்டிப் போகாதீர்கள்.